வரைபடத்தின் மறுமுனையில் ஒரு டர்னர் நிற்கிறார்

கேட் கற்கத் தொடங்கும் டிப்ளமோ, ஐ.டி.ஐ. பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி, தங்கைகளுக்கு,

இன்பிளான்ட் டிரெய்னிங்குக்கு எங்கள் பட்டறைக்கு வருகிற டிப்ளமோ பிள்ளைகளும், டிராஃப்ட்ஸ்மேன் மெக்கானிக்கல் படிக்கிற ஐ.டி.ஐ. பிள்ளைகளும் முதல் நாளே கேட்டுவிடும் கேள்வி ஒன்று உண்டு. “அக்கா, எந்த சாஃப்ட்வேர் படிச்சா வேலை கிடைக்கும்?” டீ நேரத்தில் நின்றுகொண்டே சொல்லி முடிக்கக்கூடிய பதில் அதற்கு இல்லை. அதனால் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன். கோவையில் கணபதிப் பக்கம் ஒரு ஜாப் ஒர்க் பட்டறையில் டிசைன் மேசையில் உட்கார்ந்திருப்பவள் நான். என் மேசைக்கும் லேத்துக்கும் நடுவே ஒரு கண்ணாடித் தடுப்புதான். தடுப்புக்கு அந்தப்பக்கம் நிற்பவரை நினைத்து வரையப் பழகிக்கொண்டால் எந்த மென்பொருளைக் கொடுத்தாலும் பிழைத்துக்கொள்வீர்கள் என்பது என் கட்சி.

கேட்ட கேள்விக்கு முதலில் வருகிறேன். உங்கள் லேபில் எது இருக்கிறதோ அதில் ஆரம்பியுங்கள். ஆட்டோகேட் இருந்தால் ஆட்டோகேட். 1982 டிசம்பரில் முதல் பதிப்பு வந்த பழைய சரக்கு அது. ஆனாலும் லேசர் கட்டிங்குக்குத் தகடு வரைவதற்கும் மெஷின் லேஅவுட் போடுவதற்கும் இன்றும் பல பட்டறைகளில் அதைத்தான் திறக்கிறார்கள். முப்பரிமாண மாடலிங் என்றால் சாலிட்ஒர்க்ஸ், கிரியோ, இன்வென்டர், என்எக்ஸ், கேட்டியா என்று பட்டியல் நீளும். இவற்றின் விலை நம் வீடுகளுக்குக் கட்டுப்படியாகாது. அதற்காகத் திருட்டுப் பிரதி தேடி அலைய வேண்டாம். வீட்டு லேப்டாப்பில் ஃப்ரீகேட் போட்டுக்கொள்ளுங்கள், காசே இல்லை. மாடலின் தொடக்கத்தில் ஓர் அளவை மாற்றினால் பின்னால் போட்ட ஓட்டையும் வளைவும் இடம் தெரியாமல் உடைந்துபோகும் என்று அதன்மேல் வெகுநாள் ஒரு குறை இருந்தது. 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பில் அதைப் பெருமளவு சரிசெய்துவிட்டார்கள். ஆன்ஷேப் பிரவுசரிலேயே ஓடும். பழைய லேப்டாப்பும் தாங்கும். ஆனால் அதன் இலவசக் கணக்கில் வரைவதெல்லாம் ஊரறிய இருக்கும். பயிற்சிக்குச் சரி, பட்டறையின் பாகத்தை அதில் வைத்துவிடாதீர்கள்.

ஒன்றைக் கற்றவருக்கு அடுத்தது ஏன் சுலபமாக வருகிறது? எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுவது ஒரே யோசனை. அது 60 ஆண்டுக்கும் மேல் பழையது. இவான் சதர்லேண்ட் 1963-இல் எம்.ஐ.டி.யில் தன் முனைவர் பட்டத்துக்காக ஸ்கெட்ச்பேட் என்ற நிரலை எழுதினார். டிஎக்ஸ்-2 என்ற பெரிய கணினியின் திரையில் ஒளிப்பேனாவால் வரைய வேண்டும். கோணல்மாணலாக நான்கு கோடு இழுத்துவிட்டு, இவை இரண்டும் இணை, இவை செங்குத்து, இந்த இரண்டும் சம நீளம் என்று கட்டளை கொடுத்தால் படம் தானாகவே நிமிர்ந்து உட்காரும். இன்று நீங்கள் ஸ்கெட்ச்சில் போடுகிற கன்ஸ்ட்ரெயின்ட் அத்தனையும் அதன் வாரிசுகள். 1980-களின் கடைசியில் புரோ/எஞ்சினியர் இதைத் திடப்பொருள் மாடலிங்கோடு கட்டியது. 1995-இல் சாலிட்ஒர்க்ஸ் அதைச் சாதாரண விண்டோஸ் கணினிக்கு இறக்கிக்கொண்டுவந்தது. சாலிட்ஒர்க்ஸில் எக்ஸ்ட்ரூடட் பாஸ் என்பது ஃப்ரீகேடிலும் கேட்டியாவிலும் பேட் ஆகும். பட்டன் இடம் மாறும், பெயர் மாறும், செய்கிற வேலை மாறாது.

ஆகவே மூன்று மாதத்தில் ஆறு சாஃப்ட்வேர் என்று பஸ் ஸ்டாப்பில் ஒட்டியிருக்கும் நோட்டீஸைப் பார்த்து அப்பாவிடம் பணம் கேட்காதீர்கள். ஆறிலும் அதே கட்டத்தை எக்ஸ்ட்ரூட் செய்து, அதே ஓட்டையைப் போட்டு, ஆறு சான்றிதழோடு வருகிறவர்களிடம் ஒரு வெர்னியரைக் கொடுத்து அளக்கச் சொன்னால் கை தடுமாறுவதைப் பார்க்கிறோம். அந்தப் பணத்தில் நல்ல வெர்னியர் ஒன்று வாங்கலாம், மிச்சமும் இருக்கும்.

சரி, வெறும் பேச்சு போதும். ஒரு பாகத்தை எடுத்து வரைவோம். சின்ன மோட்டார்களில் சர்வசாதாரணமாகக் கிடைக்கும் 6204 பேரிங். கடைசி இரண்டு இலக்கத்தை 5-ஆல் பெருக்கினால் உள்விட்டம், அதாவது 20 மி.மீ. வெளிவிட்டம் 47, அகலம் 14. இதை உட்காரவைக்க ஒரு ஹவுசிங் வேண்டும். வெளிவிட்டம் 90, தடிமன் 20 உள்ள வட்டமான எம்.எஸ். ஃபிளாஞ்ச். ஒரு முகத்திலிருந்து 14 ஆழத்துக்கு 47 விட்டத்தில் போர். மீதி 6 மி.மீ.யில் 40 விட்டத்தில் முழுக்க ஓடும் ஓட்டை. சுற்றிலும் 70 பி.சி.டி.யில் நான்கு ஓட்டைகள், எம்8 போல்ட் தாராளமாகப் போக 9 விட்டம்.

அந்த 40 எங்கிருந்து வந்தது என்று உங்களில் ஒருவராவது கேட்க வேண்டும். பேரிங்கின் வெளிவளையம் ஹவுசிங்கில் அசையாமல் இருக்கும். உள்வளையம் ஷாஃப்டோடு சுற்றும். நாம் விட்டுவைக்கும் 6 மி.மீ. தோள்பட்டை வெளிவளையத்தை மட்டும் தாங்க வேண்டும், உள்வளையத்தை உரசக் கூடாது. தோள்பட்டையின் உள்விட்டம் எவ்வளவு வரை போகலாம் என்று பேரிங் கேட்டலாக்கிலேயே இருக்கும். 6204-க்கு 41.4 வரை. நான் முழு எண்ணாக 40 வைத்தேன். மென்பொருள் 25 வைத்தாலும் வாயை மூடிக்கொண்டு வரைந்து கொடுக்கும், 46 வைத்தாலும் வரைந்து கொடுக்கும். அதற்குப் பேரிங் என்றால் என்னவென்று தெரியாது.

இப்போது ஸ்கெட்ச். வட்டம் போட்டு 20-க்கு எக்ஸ்ட்ரூட் செய்து, பிறகு 47-க்கு ஒரு கட், 40-க்கு ஒரு கட் என்று போகலாம். முடிவில் உருவம் ஒன்றுதான். நான் செய்வது வேறு. பாகத்தை அச்சு வழியே பாதியாக வெட்டினால் தெரியும் குறுக்குவெட்டை ஒரே ஸ்கெட்ச்சில் வரைந்து, அச்சைச் சுற்றி ரிவால்வ் செய்துவிடுவேன். லேத்தில் இது அப்படித்தான் பிறக்கிறது. சக்கில் துண்டு சுற்றும், டூல் அந்தப் பாதிக் குறுக்குவெட்டின் கோட்டின் மேல் நடக்கும். லேத் வேலை அத்தனையும் ஒரே ஸ்கெட்ச்சில் அடங்கிவிடும். டிரில்லிங்குக்குப் போகும் நான்கு ஓட்டைகள் தனி ஃபீச்சராக நிற்கும். மரத்தில், அதாவது இடப்பக்கம் வரிசையாக வருமே அந்த ஃபீச்சர் ட்ரீயில், ஒவ்வொன்றுக்கும் பெயர் வையுங்கள். ‘டர்னிங்’, ‘போல்ட் ஹோல்’. ஸ்கெட்ச்17, கட்4 என்று விட்டுவைத்தால் ஆறு மாதம் கழித்து நீங்களே தேடுவீர்கள்.

ஸ்கெட்ச்சை ஆரம்பிக்கும்போது ஆரிஜினை விட்டு விலகாதீர்கள். சுழலும் பாகம் என்றால் அச்சு ஆரிஜின் வழியே போகட்டும். பேரிங் நுழைகிற முகம் ஆரிஜினில் உட்காரட்டும். புதிதாக வருபவர்கள் திரையில் எங்கு இடம் காலியாக இருக்கிறதோ அங்கே வரைகிறார்கள். அசெம்பிளி என்று வரும்போது ஒவ்வொரு பாகமும் ஒவ்வொரு மூலையில் மிதக்கும். கோடுகளை உத்தேசமாக இழுத்த பிறகு முதலில் உறவுகளைச் சொல்லுங்கள்: இது கிடை, இது செங்குத்து, இது அச்சோடு ஒட்டியது. பிறகுதான் எண்கள். சாலிட்ஒர்க்ஸில் நீலக் கோடு என்றால் இன்னும் ஆடுகிறது, கறுப்பு என்றால் முழுக்கக் கட்டுப்பட்டது, சிவப்பு என்றால் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும் கட்டளைகளைக் கொடுத்திருக்கிறீர்கள். ஃப்ரீகேடில் முழுக்கக் கட்டுப்பட்டதும் பச்சையாகும். நிறத்தை நம்பாதவர்கள் கோட்டை மவுஸால் பிடித்து இழுத்துப் பாருங்கள். நகர்ந்தால் அந்த ஸ்கெட்ச் முடியவில்லை. நகர்கிற ஸ்கெட்ச்சின் மேல் பத்து ஃபீச்சர் கட்டுகிறவர், புள்ளி வைக்காமல் கோலத்தை ஓரத்திலிருந்து போட்டுக்கொண்டு வருகிறவர் மாதிரி. எங்கே இடிக்கும் என்று கடைசியில்தான் தெரியும்.

இந்தப் பாகத்தில் ஓர் இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். மொத்தத் தடிமன் 20, போர் ஆழம் 14, தோள்பட்டை 6. மூன்றில் இரண்டைத்தான் நீங்கள் கொடுக்க முடியும். மூன்றாவது தானாக வந்துவிடும். எந்த இரண்டு? நாளைக்கே பார்ட்டி போன் செய்து, “6204 வேண்டாங்க, 6205 போட்டுக்கலாம்” என்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 6205-க்கு உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, அகலம் 15. விட்டத்தை 52 ஆக்குகிறீர்கள், ஆழத்தை 15 ஆக்குகிறீர்கள். மொத்தமும் ஆழமும் கொடுத்திருந்தால் தடிமன் 20-லேயே நிற்கும், தோள்பட்டை 5 ஆக மெலியும். ஆழமும் தோள்பட்டையும் கொடுத்திருந்தால் தோள்பட்டை 6 ஆகவே இருக்கும், தடிமன் 21 ஆகும். இரண்டில் எது சரி என்று மென்பொருளைக் கேட்டுப் பயனில்லை. இந்த ஹவுசிங் போய் உட்காரும் மெஷினில் 20-க்கு மேல் இடம் இருக்கிறதா, 5 மி.மீ. தோள்பட்டை பேரிங்கின் அழுத்தத்தைத் தாங்குமா என்று தெரிந்தவர்தான் சொல்ல வேண்டும். இன்டர்வியூவில் டிசைன் இன்டென்ட் என்றால் என்ன என்று கேட்பார்கள். மனப்பாடம் செய்ததை ஒப்பிக்காமல் இந்த மூன்று எண்களைச் சொல்லுங்கள்.

ஓட்டைகளில் ஒன்றை மட்டும் போட்டு சர்குலர் பேட்டர்னில் நான்காக்குங்கள். நான்கையும் தனித்தனியாக வரைந்தால் ஆறு போல்ட் ஆக்கச் சொல்லும்போது அழுவீர்கள். ஃபில்லட், சேம்ஃபர் எல்லாம் கடைசியில். போரின் வாயில் ஒரு சின்ன சேம்ஃபர் கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் பேரிங் நேராக நுழையாது, ஃபிட்டர் சுத்தியலைத் தேடுவார்.

வரைந்து முடித்ததும் எடையைக் கேளுங்கள். சேம்ஃபர் போடாத இந்த ஹவுசிங்கின் கன அளவு சுமார் 90.3 கன செ.மீ. எஃகுக்கு 7.85 என்று பெருக்கினால் 709 கிராம். கால்குலேட்டரில் நீங்களே போட்டுப் பாருங்கள்: 90 விட்டத்துக்கு 20 உயர உருளை, அதிலிருந்து மூன்று வகை ஓட்டைகளைக் கழியுங்கள். திரையும் கால்குலேட்டரும் ஒத்துவந்தால் பெரிய தப்பு எதுவும் இல்லை. திரையில் 90 கிராம் என்று வந்தால் மெட்டீரியல் கொடுக்க மறந்துவிட்டீர்கள், மென்பொருள் தண்ணீரின் அடர்த்தியைப் போட்டிருக்கிறது. எடையைப் பார்க்கும் பழக்கம் விலை போடும்போதும் கைகொடுக்கும். மூலப்பொருளைக் கிலோ கணக்கில்தானே வாங்குகிறோம்.

இனி, கேட் வகுப்புகளில் அவசரமாகத் தாண்டிவிடும் விஷயம்: டாலரன்ஸ். மாடலில் போர் 47 தான். அப்படியே விடுங்கள். ஆனால் டிராயிங்கில் 47 எச்7 என்று எழுத வேண்டும். அதற்கு அர்த்தம் 47.000-க்கும் 47.025-க்கும் நடுவே எங்கு வந்தாலும் சரி. 25 மைக்ரான் அகலமுள்ள சந்து. டர்னர் ஒரேயடியாக அந்த அளவுக்கு ஓட்டமாட்டார். கொஞ்சம் விட்டு நிறுத்தி, போர் கேஜை விட்டுப் பார்த்து, கடைசி கட்டை எடுப்பார். அதே பாகத்தின் வெளிவிட்டம் 90 காற்றைத்தான் தொடுகிறது. அதற்கு ஐ.எஸ்.ஓ. 2768 மீடியம் என்று டிராயிங்கின் மூலையில் ஒரு வரி போட்டால் போதும். 30-லிருந்து 120 வரையிலான அளவுகளுக்கு கூட்டல் கழித்தல் 0.3 கிடைத்துவிடும். எல்லா அளவுக்கும் 0.01 போடுவது திறமை என்று நினைக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த டிராயிங்கைப் பார்த்ததும் பட்டறைக்காரர் விலையை ஏற்றுவார், இல்லை ‘இது தெரியாத கை’ என்று எண்ணி எல்லா டாலரன்ஸையும் அலட்சியம் செய்வார். இரண்டாவதுதான் ஆபத்து. எச்7 என்றால் எத்தனை மைக்ரான், கே6 என்றால் எத்தனை என்பதெல்லாம் உங்களில் பலர் தேர்வுக்கு மட்டும் திறக்கிற பி.எஸ்.ஜி. டிசைன் டேட்டா புக்கில் அட்டவணையாகவே இருக்கிறது. கேட் திரைக்குப் பக்கத்தில் அது விரிந்து கிடக்கட்டும்.

எங்கள் பட்டறையில் ஒரு நாள் பார்த்ததைச் சொல்கிறேன். வெளியிலிருந்து வந்த டிராயிங், ஒரு ஸ்டெப் ஷாஃப்ட். திரையில் பார்த்தால் கண்ணுக்குக் குளிர்ச்சியாக, நிழலெல்லாம் விழ, ஐசோமெட்ரிக் படமும் ஓரத்தில். எங்கள் மூத்த டர்னர் அதை ஹெட்ஸ்டாக்கின் மேல் விரித்து, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, விரலால் கோடு கோடாகத் தடவினார். “மொத்த நீளம் எங்கீங்க மேடம் போட்டிருக்காங்க?” எங்கும் இல்லை. 42, 18.5, 63, 27.5, 35 என்று ஐந்து படிகளையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சங்கிலியாகக் கொடுத்திருந்தார்கள். அவர் சாக்பீஸை எடுத்து மெஷினின் பச்சைப் பெயின்டின் மேல் கூட்டினார். 186. பிறகு முகத்தை ஃபேசிங் செய்ய எத்தனை சேர்த்து வெட்ட வேண்டும் என்று அதன் கீழே இன்னொரு கணக்கு. வரைந்தவர் கணினியில் ஒரு கிளிக்கில் போட்டிருக்கக்கூடிய எண்ணுக்காக ஒரு லேத் நின்றது.

நேரம் போனதுகூடப் பெரிதில்லை. அந்த ஐந்து படிகளுக்கும் 2768 மீடியம் என்றால் 42-க்கு 0.3, 18.5-க்கு 0.2, 63-க்கு 0.3, 27.5-க்கு 0.2, 35-க்கு 0.3. ஐந்தும் ஒரே பக்கம் சாய்ந்தால் மொத்த நீளம் 1.3 மி.மீ. வரை தவறலாம், ஆனாலும் பாகம் டிராயிங்கின்படி சரி! 186 என்று நேராகக் கொடுத்திருந்தால் அதற்கு 0.5 தான் அனுமதி. ஒரே முகத்திலிருந்து, டர்னர் எந்த முகத்தை முதலில் சுத்தம் செய்வாரோ அந்த முகத்திலிருந்து, எல்லாப் படிகளுக்கும் அளவு கொடுத்திருந்தால் கூட்டலும் வேண்டாம், இந்தச் சேர்மானப் பிழையும் வராது. இந்த முகத்தைத்தான் டேட்டம் என்கிறோம். ஸ்கெட்ச்சில் ஆரிஜினில் வைத்த முகமும் டிராயிங்கில் டேட்டம் ஆகும் முகமும் டர்னர் முதலில் தொடும் முகமும் ஒன்றாக இருந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

தங்கைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. டிசைன் வேலை என்றால் ஏ.சி. அறையோடு இருந்துவிடலாம், ஷாப் ஃப்ளோருக்குப் போக வேண்டியதில்லை என்று வீட்டிலும் கல்லூரியிலும் சொல்லியிருப்பார்கள். நம்பாதீர்கள். துப்பட்டாவை இறுகக் கட்டி, முடியை முடிந்து, ஷூ போட்டுக்கொண்டு இறங்குங்கள். கேட்டால் சொல்லித்தராத டர்னரை நான் இதுவரை பார்க்கவில்லை. பார்க்காமலேயே வரைந்து அனுப்புகிறவர்கள் மேல்தான் அவர்களுக்குக் கோபம்.

மில்லிங்கில் ஒரு பொதுவான கோளாறு. செவ்வகமான பாக்கெட் வரைந்து, உள்மூலை நான்கையும் கத்தி மாதிரி கூராக விட்டுவிடுவீர்கள். எண்ட் மில் வட்டமானது, 10 மி.மீ. கட்டர் உள்மூலையில் 5 ஆரத்துக்குக் குறைவாக விடவே விடாது. ஆரத்தை 6 என்று வரைந்தால் கட்டர் மூலையில் நின்று அலறாமல் வளைந்து போகும். கூரான மூலை கட்டாயம் வேண்டுமென்றால் இ.டி.எம். அல்லது ஒயர் கட், அதற்கேற்ற காசு. அடி மூடிய ஓட்டையில் எம்8 டாப் போட 6.8 டிரில். டிரில்லின் நுனி கூம்பாக இருக்கும், டாப்பின் முனையும் கடைசிவரை மரை போடாது. ஆகவே மரை 16 வேண்டுமானால் டிரில் 16-ஐத் தாண்டிப் போக வேண்டும். இரண்டையும் ஒரே ஆழமாகக் கொடுத்தால் டாப் உடைந்து உள்ளே தங்கும். மரையை மாடலில் ஸ்பைரலாக உண்மையாகவே வெட்டிக் காட்டுவது பார்க்க அழகு. நான்கு போல்ட்டுக்கு அப்படிச் செய்தால் கணினி திணறும், டர்னருக்கோ அதில் ஒரு பயனும் இல்லை. ஹோல் டூலில் எம்8 என்று தேர்ந்தெடுத்து காஸ்மெடிக் த்ரெட் போடுங்கள்.

வார்ப்புக்கு வரைவது தனி உலகம். ஃபவுண்டரிகள் நிறைந்த ஊரில் இருப்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன்: மணலிலிருந்து பேட்டர்ன் கிழிக்காமல் வெளியே வர சாய்வு வேண்டும், ஆறும்போது வார்ப்பிரும்பு சுமார் 1 சதவீதம் சுருங்கும், மெஷின் செய்யும் முகங்களில் கூடுதல் சதை வேண்டும். வார்ப்புக்கு ஒரு மாடல், மெஷினிங் முடிந்த பாகத்துக்கு ஒரு மாடல் என்று இரண்டு வைத்துக்கொள்பவர் நிம்மதியாகத் தூங்குவார்.

பம்ப் வேலைக்கு வருகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் இன்னொன்று பைப் மரை. “ஒரு இஞ்ச் பி.எஸ்.பி. போட்டுடு” என்றால் 25.4 விட்டத்தில் வரைந்துவிடுகிறார்கள். அந்த இஞ்ச் பைப்பின் பெயர். உள்ளே தண்ணீர் போகிற வழியை வைத்து ஒரு காலத்தில் வந்தது. ஒரு இஞ்ச் பி.எஸ்.பி. ஆண் மரையின் வெளிவிட்டம் 33.249 மி.மீ., இஞ்சுக்கு 11 மரை. அரை இஞ்ச் என்றால் 20.955, இஞ்சுக்கு 14. அட்டவணையைப் பார்க்காமல் இதில் கை வைக்கவே கூடாது.

டிராயிங் ஷீட்டில் ஏறும்போது மூலையில் உள்ள சின்னத்தைக் கவனியுங்கள், வெட்டிய கூம்பின் இரண்டு தோற்றங்கள். நம் நாட்டில் ஃபர்ஸ்ட் ஆங்கிள் முறை, கல்லூரிகளுக்கான பி.ஐ.எஸ். கையேடான எஸ்பி 46-ம் அதைத்தான் சொல்கிறது. வலப்பக்கமிருந்து பார்த்த தோற்றம் இடப்பக்கத்தில் வரும். அமெரிக்கப் பார்ட்டியின் டிராயிங் தேர்ட் ஆங்கிள். வலப்பக்கத் தோற்றம் வலப்பக்கத்திலேயே இருக்கும். நம் ஹவுசிங் மாதிரி உருண்டையான பாகத்துக்கு எப்படிப் படித்தாலும் சேதமில்லை. ஒரு பக்கம் மட்டும் காது உள்ள பிராக்கெட்டாக இருந்தால் கண்ணாடியில் பார்த்த மாதிரி தலைகீழ்ப் பாகம் வந்து நிற்கும். பார்சல் பிரித்த பிறகு யார் தப்பு என்று மெயிலில் சண்டை. மென்பொருளை நிறுவும்போதே இதை ஃபர்ஸ்ட் ஆங்கிளுக்கு மாற்றிவையுங்கள், பலவற்றில் வந்தபடியே விட்டால் தேர்ட் ஆங்கிளில் இருக்கும்.

கோப்பை அனுப்பும் விதமும் படிப்பில் சேர்த்திதான். வேறு மென்பொருள் வைத்திருப்பவருக்கு ஸ்டெப் கோப்பு அனுப்புங்கள், ஐ.எஸ்.ஓ. 10303 என்ற தரநிலை அது, மி.மீ.யா இஞ்சா என்பதையும் சுமந்துபோகும். 3டி பிரின்டிங்குக்கு எஸ்.டி.எல். கேட்பார்கள். அது முக்கோணங்களின் மூட்டை, அதில் அலகே கிடையாது. 20 என்று நீங்கள் மி.மீ.யில் அனுப்பியதை அங்கே இஞ்சாக எடுத்துக்கொண்டால் பாகம் 25.4 மடங்கு பெருக்கும். எது அனுப்பினாலும் கூடவே அளவு போட்ட டிராயிங் பி.டி.எஃப். ஆகப் போகட்டும், அதில் ரிவிஷன் எண் இருக்கட்டும். ‘ஹவுசிங் ஃபைனல்’, ‘ஹவுசிங் ஃபைனல் நியூ’, ‘ஹவுசிங் ஃபைனல் நியூ ஓகே’ என்று மூன்று கோப்பு இருக்கும் ஃபோல்டரில் எது ஃபைனல் என்று சொல்ல வரைந்தவராலும் முடியாது.

பயிற்சிக்கு யூடியூபில் வரும் பாகங்களை அளவோடு பார்த்துப் பார்த்து வரைவது விரலுக்குப் பழக்கம் தரும், அவ்வளவே. எண்களை வேறு யாரோ தீர்மானித்துவிட்டார்கள், நீங்கள் தட்டச்சு செய்கிறீர்கள். வீட்டிலிருக்கும் ஒரு பொருளைக் கழற்றி அளந்து வரைவதில்தான் மூளை வேலை செய்யும். கதவிலிருக்கும் டவர் போல்ட் நல்ல ஆரம்பம். அடித்தட்டு, வழுக்கிப்போகும் கம்பி, கம்பியைப் பிடித்திருக்கும் வளையங்கள், கைப்பிடி, நிலையில் அடித்திருக்கும் கொக்கி. கழற்றுவதற்கு முன் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். ஒவ்வொன்றையும் வெர்னியரால் ஓரிடத்தில் மட்டும் அளக்காமல் இரண்டு மூன்று இடத்தில் அளந்து, பேப்பரில் கையால் ஒரு படம் போட்டு, அதன் மேல் எண்களை எழுதி, பிறகு கணினிக்குப் போங்கள். பாகங்களைத் தனித்தனியாக வரைந்து அசெம்பிளியில் கோத்து, கம்பியை மவுஸால் இழுத்தால் கொக்கிக்குள் போய் நிற்க வேண்டும். அதற்கு அப்பாலும் போகக் கூடாது, வளையத்தை விட்டுக் கழன்றும் வரக் கூடாது.

அப்போது ஒரு கேள்வி உங்களுக்குத் தானாக எழும். கம்பியை அளந்தால் 10-க்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும், வளையத்தின் ஓட்டை 10-க்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். எவ்வளவு இடைவெளி விட்டிருக்கிறார்கள், ஏன் அவ்வளவு, மழைக்காலத்தில் பெயின்ட் ஏறி துரு பிடித்த பிறகும் அது ஓட வேண்டாமா? எச்7, ஜி6 என்று டேட்டா புக்கைப் பார்த்து 20 மைக்ரான் இடைவெளி கொடுத்தால் அந்த டவர் போல்ட் என்ன விலைக்கு விற்கும்? உங்கள் எண்ணையும் அதற்கான காரணத்தையும் டிராயிங்கின் ஓரத்தில் எழுதிக்கொண்டு இன்பிளான்டுக்கு வாங்க. டீ நேரத்தில் நம்ம டர்னரிடமே காட்டுவோம்.

அன்புடன்,
டிசைன் மேசையிலிருந்து உங்கள் அக்கா